சிபாரிசு இல்லாத வரிசை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்களே கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்வீர்கள். சட்டை எடுக்கப் போனால் கடையிலுள்ள எல்லாச் சட்டையையும் பிரித்துப் போடவைத்து, கடைசியில் உடம்பில் இருப்பதைப் போலவே ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம், மாங்காய் டிராக்டர்களை வரிசையாக உள்ளே விடுவதற்கு ஒரு மென்பொருள் செய்து கொடு என்று ஒப்படைத்தார்கள். உலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்களை எல்லாம் பிரித்துப் போட்டேன். அதன் பலனாக என் நைனாவின், அதாவது அப்பாவின், மாங்காய் லோடு வெயிலில் நின்று வெந்தது.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில், சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில் இருக்கிறது அந்த ஆலை. தயாரிப்பது மாம்பழக் கூழ் என்றாலும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது ஜூஸ் ஃபேக்டரிதான். சீசன் வந்தால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே சாலையோரமாக வால் நீட்டி நிற்கும். பறித்த காய் நமக்காகக் காத்திருக்காது. குவியலுக்குள் சூடு ஏறும், அடிக்காய் நசுங்கும், சாறு ஒழுகும். ஒழுக ஆரம்பித்த லோடை எடை மேடையிலேயே திருப்பிவிடுவார்கள். அது தெரிந்தும், யாராவது பெரிய மனிதரிடமிருந்து ஒரு போன் வந்தால் பின்னால் நிற்கிற வண்டி முன்னால் போய்விடும். குடிபாலா பக்கத்தில் எங்களுக்கு இருப்பது கொஞ்சம் தோப்பு. தாத்தா காலத்தில் அதுவும் கிடையாது. எங்களுக்காகப் போன் போட ஒருவரும் இல்லை. நைனா ஒவ்வொரு சீசனிலும் வரிசையில் நின்றுகொண்டே பின்னால் போகிற வித்தையைச் செய்துகாட்டுவார்.

அதனால்தான் அந்த வேலை திருப்பதியிலிருக்கும் எங்கள் சின்ன ஆபீசுக்கு வந்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. இனி எவனும் நடுவில் நுழையக் கூடாது. கேட்டில் வண்டி நம்பரைத் தட்டினால் அது ஒரு நிகழ்வு. அதைக் கேட்டு ஒரு நிரல் வண்டிக்கு முறை கொடுக்கும், இன்னொன்று வாசலிலுள்ள மின்பலகையில் நம்பரைக் காட்டும், மற்றொன்று எடை மேடையின் தடுப்பைத் தூக்கும். ஒன்றோடொன்று நேராகப் பேசாது. நடுவில் சேதி வாங்கி வைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த நடு ஆளைத் தேடித்தான் நான் காணாமல் போனேன்.

ஒன்று, வெறுமனே கூவுகிற ஆள். யார் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, கூவிவிட்டுப் போய்விடும். படு வேகம், ஆனால் அசந்தவனுக்குச் சேதி போனது போனதுதான். இன்னொன்று தபால்காரர் மாதிரி. கையில் கொடுத்து, வாங்கிக்கொண்டாயா என்று கேட்கும். சில தடவை கொடுத்தும் வாங்காத கடிதத்தைத் தனிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். மூன்றாவது, பிரம்மாண்டம். வந்ததை வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகும், எதையும் அழிக்காது, எவர் வந்தாலும் வரிசையை மாற்றாது. எத்தனை பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் குறை எழுதியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்தேன். மாமரம் பூ விட்டு, பிஞ்சு விட்டு, காய் விட்டது. நான் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆபீசில் எனக்கு மேலே இருக்கிற அக்கா நகரிக்காரர். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, நிக்கிறது மாங்கா வண்டி. ராக்கெட்டா வுடப் போற? இருக்கிற டேட்டாபேஸ்ல ஒரு டேபிளு போடு, போதும்."

"நாளைக்கு லட்சம் வண்டி வந்தா, அக்கா?"

"ஜில்லாவையே தலகீழாக் கவுத்தாலும் அவ்ளோ டிராக்டர் வுழாதுடா. சரி, கெட்டுப்போன சேதி ஒண்ணு வந்துச்சின்னா இன்னா பண்ணுவ?"

"வராதுக்கா."

"வராதாம்," என்று அவர் மேலே ஓடிய மின்விசிறியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவதையே எடுத்தேன். அதைச் சுமக்கத் தனித்தனி சர்வர்கள், அவற்றை மேய்க்க இன்னொரு மென்பொருள். ஒரு காளைக்கு அரண்மனையில் தொழுவம் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு ஆலை வாசலில் தெலுங்கில் ஓர் அறிவிப்புப் பலகை எழுதவைத்தேன்: சிபாரிசுகள் கிடையாது. முதல் சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நானே அங்கே போய் நின்று பலகையை ரசித்துவிட்டு வந்தேன். நைனாவிடமும் பீற்றிக்கொண்டேன்: "இந்த வாட்டி தைரியமா காய அறு. யாரும் உன்ன முந்த முடியாது."

அவர் நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. விடிந்ததும் போன் செய்தார்.

"லோடு ஏத்திக்கினு வந்துட்டேன்டா. கேட்ல நம்பர் அடிச்சிட்டாங்க. இப்ப எனக்கு முன்னாடி கொஞ்சம் வண்டிங்கதான்."

சந்தோஷமாக இட்லி தின்றேன். தட்டைக் கழுவும் முன்பே ஆலை மேலாளரின் போன். "ஏமய்யா, மீ போர்டு சச்சிபோயிந்தா?" மின்பலகை செத்துப்போய்விட்டதா என்று கேட்கிறார்.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மின்பலகையில் எப்போதோ உள்ளே போன வண்டியின் நம்பரே உறைந்து கிடந்தது. தடுப்பு இறங்கியிருந்தது. அதற்கு நேர் முன்னால், மூடிய தார்பாயோடு முதல் வண்டியாக நின்றது நைனாவுடையது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அடுத்தது நாமதான்டா!"

அவருக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் டிராக்டர்கள். கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி இறங்கி வந்து என் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, கம்ப்யூட்டரு துன்னப் போய்க்கீதா? எப்ப வரும்?"

சுற்றிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தார்பாயின் ஓரத்தில் கையை விட்டுப் பார்த்தேன். கொதிக்கிற பானைக்கு மேல் கை வைத்த மாதிரி ஆவி. காய் பழுக்கிற அந்த இனிப்பு வாடை, மற்ற நாளில் எனக்குப் பிடித்த வாடை, அன்று குமட்டியது.

பைக்கில் சாய்ந்தபடி போன் வழியாக இணைப்பு வாங்கி, முறை கொடுக்கும் நிரல் என்ன உளறுகிறது என்று பார்த்தேன். ஒரே வரி. திரும்பத் திரும்ப அதே வரி. ஒரு நிகழ்வைப் படிக்கிறது, பிடிக்காமல் செத்துவிழுகிறது, எழுந்து வந்து மறுபடியும் அதையே படிக்கிறது, மறுபடியும் செத்துவிழுகிறது. வரிசை மாறக் கூடாதல்லவா? அதைத் தாண்டி அடுத்ததைத் தொடாது. நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஒழுக்கம் அது.

கெட்டுப்போன அந்தச் சேதியைத் திறந்தேன். வண்டி எண் தவறு என்று இருந்தது. எண் TN என்று தொடங்கியது.

ஆந்திரா ஃபேக்டரிக்கு ஆந்திரா வண்டிதானே வரும் என்று, AP என்று தொடங்காத எதையும் ஏற்காதே என ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதியவன் யார்? எல்லைக் கிராமத்துத் தமிழன். பாதிச் சொந்தம் வேலூர்ப் பக்கம். எதன்மேல் சாய்ந்துகொண்டு இவ்வளவையும் படித்தேனோ, அந்தப் பைக்கே TN. நிமிர்ந்து முதல் வண்டியின் நம்பரைப் பார்த்தேன்.

"நைனா... இது யார் வண்டி?"

"உங்க மாமாவுதுதான். நம்ம பக்கத்து டிராக்டரு ஒண்ணுகூட காலி இல்ல. பார்டர் தாண்டிப் போய் இட்டாந்தேன். ஏண்டா?"

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒரு நூலு அறுந்தா மொத்தத் தறியும் நிக்கும். அதான்டா நீ கட்டி வெச்சிருக்கிறது," என்றார். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு வழிதான். அந்த வரிய மாத்தி, புதுசாக் கட்டி அனுப்பு. இல்லன்னா அந்தச் சேதிய வுட்டுட்டு அடுத்ததுலேந்து படிக்கச் சொல்லு."

வரியை மாற்றி, நிரலைப் புதிதாகக் கட்டி சர்வருக்கு அனுப்பத் தொடங்கினேன். என் அரண்மனைக்குள் ஒரு செங்கலை மாற்றினாலும் அரண்மனை முழுவதும் மறுபடியும் மேலே ஏற வேண்டும். அங்கே கிடைத்ததோ கொசுறு சிக்னல். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு நகர்ந்தது, நின்றது, அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. ஹாரன் சத்தம் பின்னாலிருந்து அலையலையாக வந்தது. உள்ளே இயந்திரம் காலியாகச் சுற்றுகிறது என்று மேலாளர் கத்தினார். எந்த வண்டியால் இந்தத் தகராறு என்று கேட்டார். சொன்னேன்.

"மீ நைனாதா?" அவர் குரல் சட்டென்று குழைந்தது. தடுப்பின் சாவியை எடுத்து நீட்டினார். "முந்தே செப்பொச்சு கதய்யா, மின்னாடியே சொல்லியிருக்கலாம்ல. கையால தெறந்து வுட்டுடு, நைனா வண்டி மொதல்ல போட்டும். மத்தத அப்புறம் பாரு."

சாவி என் கைக்கு எட்டும் தூரத்தில் ஆடியது. அவர் தலைக்கு நேர் மேலே, நான் எழுதவைத்த அறிவிப்புப் பலகை. கார்வேட்டிநகரத்துக்காரர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை வண்டி மாங்காயும் என் மண்டையைக் குறிவைத்துப் பறந்து வருவது கண் முன்னே தெரிந்தது. நைனாவின் நிகழ்வைத் தாண்டி அடுத்ததிலிருந்து படி என்று கட்டளையைத் தட்டினேன்.

மின்பலகை உயிர்த்தது. இரண்டாவது வண்டியின் நம்பர். கூட்டம் விசில் அடித்தது.

நைனாவுக்குப் புரியவே இல்லை. "நம்முது வர்லியேடா?"

"வண்டிய ஓரங்கட்டு நைனா. நான் சரி பண்ற வரைக்கும்... மறுபடியும் கேட்ல நம்பர் அடிக்கணும். கடைசிலேந்து."

பல் மறைந்தது. வண்டியை வளைத்து எடுத்தார். அத்தனை டிராக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து, வால் முடிகிற இடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில்தான் திருத்தம் மேலே ஏறியது. கேட்டில் நம்பரை அடித்தேன், ஏற்றுக்கொண்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், நைனா லோடின் மேல் ஏறி உட்கார்ந்து மெத்தென்று ஆன காய்களைப் பொறுக்கிச் சாலையோரம் வீசிக்கொண்டிருந்தார். ட்ரெய்லரின் மூலையிலிருந்து சாறு சொட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தேன். சொட்டுவதைப் பார்த்தேன். எது முந்தும் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

வாய் மட்டும் நிற்கவில்லை. தபால்காரர் மாதிரி ஒன்று இருந்தது நைனா, அதை எடுத்திருந்தால் உன் சேதியை மட்டும் தனியாக வைத்துவிட்டு மற்றதை அனுப்பியிருக்கும், நான் பிறகு எடுத்துத் திருத்தியிருப்பேன், அக்கா டேபிள் போதும் என்று சொன்னார், நான்தான் வரிசை மாறக் கூடாது என்று, உனக்காகத்தான் நைனா, உன்னை எவனும் முந்தக் கூடாது என்றுதான்...

"பேச்ச வுட்டுட்டு தார்பாயப் புடி."