தலைவர் விளையாடினால் சூது இல்லை

இன்று அஜின்கோர்ட் பகுதியில் உள்ள தேநீர்க்கடையில் எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, அரசாங்கத்துக்கு இங்கிலிஷில ஒரு கடிதம் எழுதித் தாரும்."

அவருடைய போனில் ஒரு செயலி. ஹொக்கியில் ஒரு அணி வெல்லுமா என்று அதில் காசு கொடுத்து 'ஆம்' அல்லது 'இல்லை' வாங்கலாம்; வாங்கியது பலித்தால் காசு வரும், பலிக்காவிட்டால் போட்டது போய்விடும். அதையும் அரசாங்கம் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறதாம்; வேண்டாம் என்று சொல்லத்தான் கடிதம்.

"உது சூது இல்லையடாப்பா, கொன்ட்ராக்ட். ஷெயார் வாங்கிற மாதிரி."

போன வருடம் சங்க மண்டபத்தில் நாங்கள் நான்கு பேர் சீட்டுக்கட்டு எடுத்து 304 என்ற ஆட்டம் விளையாடினோம். தோற்றவர் தேநீர் வாங்கவேண்டும், அவ்வளவுதான். இதே மனிதர்தான் எங்களைச் சூதாடிகள் என்று கடிதம் எழுதி, அறிவித்தல் பலகையில் ஒட்டி, சங்கத்தை விட்டு நீக்கினார். அந்தக் கடிதத்தை அன்றே படம் எடுத்து வைத்திருந்தேன்.

"ஓம் அண்ணை, எழுதித் தாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவருடைய கடிதத்தையே வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதினேன். "தோற்றவர் கொடுத்து வென்றவர் எடுத்தால், என்ன பெயர் வைத்தாலும் அது சூதே." 304 இருந்த இடத்தில் செயலியின் பெயர். கீழே அவர் பெயர். அவருக்கு அனுப்பினேன், சங்கத்தார் எல்லோருக்கும் ஒரு பிரதியோடு.

கையெழுத்து வைப்பாரா? நான் 'இல்லை' வாங்கிவிட்டேன். 'ஆம்' வாங்க யாராவது இருக்கிறீர்களா? தோற்றவர் தேநீர்.