மூக்கில் வைத்த சந்தனம்

எங்கள் ஷெட் தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு மண் தெருவில் இருந்தது. மின்சார மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி என்று போர்டு இருக்கும். பார்ப்பவர்கள் மாவு மில் என்று நினைத்து மிளகாய்த்தூள் அரைக்கக் கேட்பார்கள். மொத்தமே பதினோரு பேர். சிறுசேரியில் நல்ல சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு வந்து இதை ஆரம்பித்தவரை சார் என்போம். பேட்டரி பெட்டியைக் கோர்த்து மூடுகிற வேலை என்னுடையது.

அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது. மழை வந்தால் எங்கள் தெருவே முழங்கால் ஆழம், வண்டி அதில் போயாக வேண்டும். அதனால் பரிசோதனைக் கூடத்தில் பெட்டியைச் சூடேறும்வரை ஓட்டி, அப்படியே தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். திறந்தால் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒரு வண்டிகூட விற்க முடியாது. இரண்டு முறை தோற்றுவிட்டோம். மூன்றாவதும் போனால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான் என்று சார் சொல்லிவிட்டார்.

மூன்றாவது பெட்டியை வரைந்தது அஸ்தினாபுரத்துத் தம்பி. இருபத்தாறு வயது, பேச்சு குறைவு. மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தை ஆறு மாதம் வரைந்து வரைந்து அழித்தான். பெட்டியின் பக்கவாட்டில், ரூபாய்க் காசு அளவில், சிறு துளைகளோடு ஒரு வெள்ளை வட்டம் வைத்தான். உள்ளே மெல்லிய சவ்வு. காற்று போய் வரும், தண்ணீர் போகாது. சூடான பெட்டி ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வழி அடைபட்டால் பெட்டி வேறு எந்த இடுக்கிலிருந்தாவது தண்ணீரை உறிஞ்சிவிடும். நாங்கள் அதை மூக்கு என்போம். “மூக்குல எவளாச்சும் வெரல வெச்சீங்க, கைய ஒடச்சிடுவேன்” என்று புதுப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தவளே நான்தான்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அன்று காலையிலேயே பெட்டியை அனுப்புவதாக ஏற்பாடு. சந்தனம் குழைப்பதும் பொட்டு வைப்பதும் ஷெட்டில் எப்போதும் என் பொறுப்பு. டிரில்லிங் மெஷின், ஸ்பேனர், கம்ப்யூட்டர், வாசல் கதவு என்று ஒன்றையும் விடமாட்டேன். தம்பி சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. பூஜை நேரத்தில் கதவோரம் டீ டம்ளரோடு நிற்பான், முடிந்ததும் பொரிகடலைக்கு முதல் ஆளாகக் கை நீட்டுவான். அதற்கு முந்தின வருடம் அவனுடைய லேப்டாப்பில் குங்குமம் வைக்கப் போனபோது, “சார்ஜ் போடற எடம்க்கா, அங்க மட்டும் வேணாமே” என்றான். “சாமி விஷயத்துல ஒனக்கு இன்னாடா தெரியும்? கம்முனு நில்லு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இந்த வருடம் பெட்டிக்கு முன்னால் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த ஷெட் போனால் என்னை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? சாமி, இந்த ஒரு தடவை காப்பாத்து என்று கண்ணை மூடிக்கொண்டு, மற்றதற்கெல்லாம் வைத்ததைவிடக் கெட்டியாக, ஒரு விரல் சந்தனம் அப்பினேன். அதன் மேல் குங்குமம். கை எங்கே போனது என்று நான் பார்க்கவேயில்லை.

மூன்று வாரம் கழித்து, உள்ளே தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. சார் எங்களைக் கூப்பிட்டு, ரப்பர் பள்ளத்தின் டிசைன்தான் தப்பு என்றார். தம்பியைப் பார்த்து, “ஆறு மாசம் டைம் குடுத்தேனேப்பா” என்றார், அவ்வளவுதான். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். நாவலூரில் ஒரு கம்பெனி அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அவர்கள் சாரிடம் விசாரித்தால் சார் என்ன சொல்வார்? பெட்டிக்குள் தண்ணீர் விட்டவன் என்ற பேர் அவனோடு போகும்.

திரும்பி வந்த பெட்டியை மறுநாள் நான் மேஜையில் வைத்துத் துடைத்தேன். மூக்கின் துளைகளில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஊசியால் குத்தினேன். காய்ந்த சந்தனம், சிமென்ட் மாதிரி உதிர்ந்தது. பரிசோதனைக் கூடத்தில்கூட யாரும் அதைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை எவன் துடைப்பான்? சண்டாளி, மூக்கை அடைத்து அனுப்பியது நீதானே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். அவர் மூக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா… இப்ப போய் பூஜையில சந்தனம் வெச்சோம், அதான் ஃபெயில்னு மெயில் போட்டா சிரிப்பாங்கக்கா. முடிஞ்சுபோச்சு” என்றார். “ஷெட்டு போட்டும் சார். அந்தப் புள்ள மேல தப்பில்லன்னாச்சும் எழுதிக் குடுங்க” என்று அழுதேன். எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தோடு எங்கள் சோதனை வண்டியையே எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரம் போனேன். தாம்பரம் சானடோரியம் தாண்டும்போதே சார்ஜ் ஐந்து சதவீதம் என்று சிவப்பு விளக்கு மினுக்கியது. அவன் தெருமுனையில் வண்டி நின்றேவிட்டது, மீதியைத் தள்ளிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே வந்தவனிடம் காகிதத்தை நீட்டி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசிவரை கேட்டான்.

“தெரியும்க்கா” என்றான். “நீங்க வெக்கும்போதே பாத்தேன். கண்ண மூடிக் கும்பிட்டுக்கினு இருந்தீங்க. அப்புறமா நானே தொடச்சிடலாம்னு நெனச்சேன். காலையில நான் வர்றதுக்குள்ள பொட்டிய வண்டியில ஏத்திட்டாங்க.”

“ஏன்டா பாவி, அப்பவே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ரிப்போர்ட் வந்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேடா!”

அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கோபமே இல்லாமல், “போன வருசம் ஒரு வாட்டி சொன்னேன்லக்கா” என்றான். பிறகு, வண்டிக்கு சார்ஜ் போட வீட்டுக்குள்ளிருந்து வயரை இழுத்து வந்தான்.