அப்பா பெயரில் வந்த லண்டன் சீட்டு

ஐரோப்பா பார்க்க ஆசைப்படும் வாசகர்களே, என் கதையைக் கேட்டுவிட்டு ஃபாரத்தை நிரப்புங்கள்.

நான் மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியன். டவுனில் இருந்த பயண ஏஜெண்டு ஒருவர், “எந்தத் தேதியானாலும் போவீங்கன்னா லண்டனுக்கு மலிவா டிக்கெட் கிடைக்கும் சார். சிங்கப்பூர் விமானத்தில இடம் காலியானதும் வீட்டுக்குத் தந்தி வரும். அன்னைக்கே பதில் சொல்லணும்” என்றார். நானும் பூரித்துப்போய், பெயர் கேட்ட இடத்தில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரையும் சேர்த்து ‘மாணிக்கம் சதாசிவம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று வாரம் வாசலையே பார்த்துக் கிடந்தேன். தந்தி வந்த அன்று பார்த்து, குளிருக்குக் கோட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்ததும் என் மனைவி, “‘மிஸ்டர் சதாசிவம்’னு மாமா பேருக்கு ஒரு தந்தி வந்துச்சு. அவர் தவறி மூணு வருசமாச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்” என்றாள்.

கோட்டும் கையுமாக ஏஜெண்டிடம் ஓடினேன். என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல், “கடைசியில இருக்கிறதுதானே சார் குடும்பப் பேரு?” என்றார். வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இவரும் தமிழர்தான், இவர் கடைப் பலகையிலேயே இவருடைய அப்பா பெயரும் சேர்ந்து தொங்குகிறது!

வீட்டுக்கு வந்து மனைவியைத் திட்டினேன். “உங்க பேருக்கு வந்திருந்தா வாங்கியிருக்க மாட்டேனா?” என்றாள்.

விடுப்பும் தீர்ந்தது. இப்போது எந்த ஃபாரத்திலும் என் பெயரை மட்டும்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே உத்தரவு: தந்திக்காரர் வந்து கேட்டால், அப்பா உயிரோடுதான் இருக்கிறார்.