மூன்றாவது ஓலை

தேவானந்தத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. எப்படிப் போச்சு என்று ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டால், "மலை ஏறினேன், போச்சு" என்பார். அதோடு சரி. மனுஷன் வாய் பேசாத ரகம் ஒன்றும் இல்லை. தோலைப் பற்றிக் கேளுங்கள், ரப்பரைப் பற்றிக் கேளுங்கள், உங்கள் காது வலிக்கிற வரைக்கும் விடமாட்டார். இந்த மலைக் கதையை மட்டும் விழுங்கிவிடுவார். நடந்தது 1983ல், ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முன்னால் அவருடைய கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இளவட்டமாக இருந்தபோது ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. தோலில் இருக்கிற மயிர் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போடுவார்கள். தொட்டிக்குள் இறங்கி அதைப் புரட்டிப் போட வேண்டும். ஒரு வாரம் நின்றால் எவனுக்கும் கால் வெந்து புண்ணாகிவிடும்; எண்ணெயைத் தடவிக்கொண்டு முனகுவான். தேவானந்தம் மட்டும் காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார். "அவன் காலு இரும்புடா, நீங்கல்லாம் வெண்ணெ" என்று மேஸ்திரி மற்றவர்களை ஏசுவார். இரும்புக்கால் தேவா என்றே பேர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அது இரும்பு இல்லை, வியாதி என்று தெரிந்தது 1966ல். குதிகால் தோல் வெந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது, இவர் பாட்டுக்கு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவன்தான் பார்த்துவிட்டு அலறினான். டாக்டர் குண்டூசியால் குத்திக்கொண்டே வந்தார். கணுக்கால் வரைக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பெருவியாதி என்றார்கள், அதாவது குஷ்டம். எந்தக் காலை எல்லோரும் மெச்சினார்களோ அந்தக் கால் எப்போதோ செத்துப்போயிருந்தது.

மனைவி பொன்மலர் நாலு வயசு மகள் லில்லியைத் தூக்கிக்கொண்டு தன் தம்பி ஜெபராஜ் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெபராஜ் ஜவ்வாது மலைமேல் கடுக்காமேடு என்ற ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பொன்மலரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டில் ஒருத்தருக்கு வந்தால், அந்த வீட்டுக் குழந்தையைக்கூட யாரும் தொட்டுத் தூக்க மாட்டார்கள்.

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் மாத்திரை தின்று தேவானந்தத்துக்கு வியாதி நீங்கியது. இடது காலில் இரண்டு விரலும், இரண்டு காலிலும் உணர்ச்சியும் போனது போனதுதான். அங்கேயே செருப்புப் பட்டறையில் வேலை கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்கென்றே ஒரு செருப்பு உண்டு. மெத்தென்ற கறுப்பு ரப்பர் அடி, மேலே தோல் வார். ஆணி என்ற பேச்சே கிடையாது, எல்லாம் பசையும் தையலும்தான். செருப்பு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் தேவானந்தம் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "அரை மணிக்கு ஒரு தரம் கழட்டிப் பாரு. உன் காலு உன்கிட்ட எதையும் சொல்லாது. கண்ணாலதான் கேட்டுக்கணும்."

அந்தச் செருப்பு காலைக் காப்பாற்றும், ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரைக்கும் அதைப் பார்த்த மாத்திரத்தில் யார் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகிவிடும்.

ஜெபராஜ் வருஷத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்டு போடுவார். 1983ல் கார்டுக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. "மச்சானுக்கு ஸ்தோத்திரம். லில்லிக்கு நல்ல இடம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை காட்டு இலாகாவில் வாட்சர். கோயிலில் இரண்டு ஓலை ஆகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. நீங்கள் இருந்த இடத்திலிருந்தே ஜெபித்துக்கொண்டால் போதும்."

கிறிஸ்தவர்கள் வீட்டுக் கலியாணத்தில் ஓலை வாசிப்பது என்று ஒன்று உண்டு. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, போதகர் ஆராதனைக்கு நடுவில் பெண் பேர், மாப்பிள்ளை பேர், இரண்டு பேரையும் பெற்றவர்கள் பேர் எல்லாம் வாசித்து, யாருக்காவது தடை சொல்ல இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார். தேவானந்தத்தின் புத்தி அதிலேயே நின்றுவிட்டது. போதும் என்று எழுதினால் வராதீர்கள் என்று அர்த்தம், அது அவருக்குப் புரியாமல் இல்லை. கலியாணத்துக்குப் போக வேண்டாம், சரி. ஆனால் அத்தனை பேர் நடுவில் லில்லிக்கு அப்பா என்று தன் பேரை ஒருத்தர் உரக்க வாசிப்பதை ஒரே ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும். பதினேழு வருஷமாக அவருடைய பேரை எந்த நல்ல காரியத்துக்கும் யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் நம்பரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் இறங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

பழைய டேனரி சிநேகிதர் நிசார் அஹமது ஆம்பூர் பஜாரில், ஏற்றுமதியில் கழித்துப் போட்ட ஷூ வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவரிடம் போய் ஒரு ஜோடி ஷூவும் காலுறையும் கேட்டார் தேவானந்தம்.

"பேஜார் பண்ணாதே தேவா. குதில ஆணி அடிச்ச சரக்கு இது. உனக்குத் தெரியாததா?"

"ஒரு நாளைக்குத்தான் நிசாரு. மலைமேல ரப்பர் செருப்பிலதான் ஏறுவேன். கோயிலுகிட்ட போய் மாத்திக்குவேன்."

"கோயில்ல எப்படியும் கழட்டணுமே தோஸ்த்."

"அதுக்குத்தான் காலுறை. விரல் இல்லாத இடத்துல பஞ்சு வச்சிக்குவேன்."

எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தார், பாவம். நிசார் ஒரு ஜோடியைத் தேடி எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒடுகத்தூரில் வந்து இறங்கி, பஸ் நிற்கிற இடத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார். விடிந்ததும் டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக் கையில் எடுத்தவர், கீழே பார்த்தார். கண் செருப்பில் விழுந்தது. கிளாஸை வைத்துவிட்டு, கூரையில் சொருகியிருந்த கொட்டாங்கச்சியை எடுத்து அதில் டீயை ஊற்றித் தரையில் வைத்தார். உப்பு மூட்டையோடு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, கடுக்காமேடாகவே இருந்துவிட்டால்? தேவானந்தம் டீயைத் தொடவில்லை. பாலத்துக்குப் பின்னால் போய், அங்கேயே ஷூவை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைப் பைக்கு அடியில் திணித்தார். போட்டு வைத்த திட்டம் மலை ஏறுவதற்கு முன்னாலேயே கெட்டுப்போனது.

உப்பு மூட்டைக்காரர்கள் முன்னே போகட்டும் என்று விட்டுத் தனியாகவே ஏறினார். ஏற ஏற அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். ஷூ போட்ட தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். எதிரே கடுக்காய் மூட்டையோடு இறங்கிய ஒரு ஆள், "யாருங்க, சர்வேக்காரரா?" என்று கேட்டுக் கும்பிடு போட்டான். பதில் கும்பிடு போட்டார்.

பாதி மலையில் பாதை இல்லை. போன வார மழையில் ஓடை அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இப்பிடி போவ முடியாது சாமி, மேல சுத்திகினு போ" என்று கை காட்டினாள். சுற்றுவழி முழுக்கப் பாறை. ஈரத்தில் சறுக்கி, இடது குதிகால் கல்லில் டங்கென்று மோத உட்கார்ந்துவிட்டார். வலி இல்லை, எப்படி இருக்கும். கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற பாடம்தானே! கயிற்றை அவிழ்க்கக் கையும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேலே கோயில் முதல் மணி அடித்தது. அடுத்த மணிக்குள் போக வேண்டும். கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார். அந்த ஒரு நிமிஷம் கழற்றிப் பார்த்திருந்தால் கால் தப்பியிருக்கும்.

கடுக்காமேட்டுக் கோயில் ஓடு போட்ட சின்னக் கட்டடம். அவர் சேர்ந்தபோது உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பக்கவாட்டில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார். இடது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ரத்தம் வழிந்தது. ஷூவின் குதியில் அடித்திருந்த மூன்று ஆணியும் உள்பக்கம் எழும்பி நின்றன. வெள்ளைக் காலுறையில் பாதிக்கு மேல் வெள்ளை இல்லை. அத்தனை வழியும் அந்த ஆணிகள் மேல்தான் நடந்து வந்திருக்கிறார்.

இந்தக் காலோடு உள்ளே போனால் பாயெல்லாம் ரத்தமாகும். எல்லோரும் பார்ப்பார்கள். இவ்வளவு ரத்தம் கொட்டியும் நோகாமல் நடக்கிறவன் யார் என்று கேட்பார்கள். பரவாயில்லை, ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, இங்கிருந்தே கேட்கலாம் என்று மரத்தில் சாய்ந்துகொண்டார்.

பாட்டு நின்றது. போதகர் தொண்டையைச் செருமினார்.

"கடுக்காமேடு சபையைச் சேர்ந்த, காலஞ்சென்ற தேவானந்தம், பொன்மலர் இவர்களுடைய குமாரத்தி லில்லிக்கும்..."

மிச்சம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. காலஞ்சென்ற. போன ஞாயிறும், அதற்கு முந்தின ஞாயிறும் இப்படித்தான் வாசித்திருப்பார்கள். தான் செத்து இது மூன்றாவது ஞாயிறு. கோபம் வந்தது. உள்ளே போய், நான் இருக்கிறேன், உயிரோடு வந்திருக்கிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தும் விட்டார். அப்போது போதகர், "இந்த விவாகத்துக்கு ஏதாவது தடை உண்டென்று உங்களில் யாராவது அறிந்திருந்தால் இப்போது சொல்லவேண்டும்" என்றார். உள்ளே ஒரு இருமல்கூட இல்லை. தேவானந்தம் தன் காலைப் பார்த்தார். தடை என்று ஒன்று இருந்தால் அது பலாமரத்தடியில் நிற்கிறது. சத்தம் வராமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஐயோ, கால்ல ரத்தம் கொட்டுதே! இன்னா ஆச்சு ஐயா?"

கோயிலுக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். புதுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம்.

"ஷூ ஆணி குத்திடுச்சிம்மா. ஒண்ணும் இல்ல. நீ உள்ள போ."

"இப்ப போவக் கூடாதுங்க. என் ஓலைதான் வாசிச்சாங்க. வாசிக்கச்சே பொண்ணு உள்ள இருக்கக் கூடாதுன்னு எங்க ஊரு வழக்கம். அதான் பின்னால நின்னுகினு இருந்தேன்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொன்மலருடைய நெற்றி. பல்வரிசை மட்டும் அவருடையது.

லில்லி பள்ளிக்கூடத்துக்குள் போய் டிஞ்சர் பாட்டிலும் துணியும் தண்ணீரும் எடுத்து வந்தாள். காலுறையை உருவப் போனாள். "முன்னால வேணாம்மா, ஒட்டிக்கிச்சு, குதில மட்டும் பாரு" என்று அவசரமாகத் தடுத்தார். அவள் குதிகாலை மட்டும் திறந்து கழுவி, டிஞ்சரை ஊற்றினாள். எந்த நேரத்தில் முகம் சுளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கையையே கவனித்துக்கொண்டிருந்து, பாட்டில் சாய்ந்ததும் "ஸ்ஸ்" என்றார். "எரியுதா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று அவள் குனிந்து ஊதினாள்.

"உங்கப்பா..." என்று ஆரம்பித்தார்.

"நான் சின்னதா இருக்கச்சே போய்ட்டாருங்க. எனக்கு முகமே ஞாபகம் இல்ல. பேச்செடுத்தா அம்மா அழும், அதனால கேக்கறதில்ல." துணியை இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டாள். "இன்னிக்கு எனக்கு நல்ல நாளு, ஐயா. உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டுதான் உள்ள போவேன். உங்க பேரு சொல்லுங்க."

தேவானந்தம் வாயைத் திறந்தார். அந்தப் பேரைச் செத்தவன் பேர் என்று இப்போதுதான் வாசித்துவிட்டுப் போனார்கள்.

"ஞானமுத்து" என்றார். அந்தப் பேரில் அவருக்கு யாரையும் தெரியாது.

லில்லி முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, புதுச் சேலையோடு மண்ணில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினாள். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து வளர்க்கப்பட்டவர் தேவானந்தம். அன்றைக்குத் திறந்தே வைத்திருந்தார், எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேரம் அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

"ஆண்டவரே, இந்த ஞானமுத்து ஐயாவோட காலை சொஸ்தமாக்கும். இவரைப் பத்திரமா இவர் பிள்ளைங்ககிட்ட கொண்டுபோய்ச் சேரும். ஆமென்."

"ஆமென்" என்றார் தேவானந்தம்.