முக்கால் டன் இழுக்கும் என்றான் கடைக்காரன்

அவர் புது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பின்சட்டத்தில் இழுவைக் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். வீட்டுக்குள் போக அவற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

“அக்கா, மிதிச்சுடாதீங்க. இருக்கிறதே ரெண்டு காலுதான்.”

“மடக்கி வெச்சுக்கோ தம்பி. உள்ள இருக்கிற காலைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.”

தெருவில் அவரைத் தண்ணீர்க்காரர் என்பார்கள். சாலை நடுவில் நட்ட மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. சக்கரம் வைத்த தொட்டி ஒன்றை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து மதியம்வரை நான் அவளைப் பார்த்துக்கொள்வேன். பிறகு எனக்கு வேறொரு வீடு இருந்தது.

மதியத்துக்குமேல் அவர்தான். தண்ணீர் பிடிக்கும் இடம் தெருமுனையில் இருந்ததால், தொட்டி நிரம்பும் நேரத்தில் ஓடி வந்து அவளை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவார். படுத்தே கிடப்பவரைப் புரட்டாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் சிவக்கும், பிறகு உடையும். இதில் அன்பு இருந்து பயனில்லை, ஆள் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வேலை கையில் இருந்தவரை அவள் வீட்டில் இருக்கலாம். போனால், நீண்டநாள் நோயாளிகள் விடுதிதான். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

புகை விடுகிறது என்று அவருடைய பழைய டீசல் வண்டியை ஊருக்குள் ஓடவிடாமல் தடுத்தார்கள். அதே வருடம் அவருக்கு இடது கண்ணும் மங்கிவிட்டது. ஒரு கண்ணோடு ஓட்ட அனுமதி இருந்தது சின்ன மின்சார வண்டிக்குத்தான். கடைக்குப் போய், “எவ்வளவு இழுக்கும்?” என்று கேட்டிருக்கிறார். “முக்கால் டன் சும்மா இழுக்கும் சார்” என்றானாம் கடைக்காரன். வாங்கிவிட்டார்.

“பொம்மை வண்டி,” என்றாள் மனைவி, கட்டிலிலிருந்து ஜன்னல்வழி பார்த்து. “சாவி கொடுத்தா ஓடுமா, இல்ல கயிறு கட்டி நீங்க இழுக்கணுமா?”

“இழுக்கும்டி. பாரு.”

கொக்கி மாட்டி, தொட்டியைக் கட்டி, நிரப்பிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு எதிரேதான் பாலத்தின் ஏற்றம். நான் அவளுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா! தொட்டி வண்டியை இழுத்துட்டுப் போகுது!” என்று அவள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

திரும்பிப் பார்த்தேன். பாதி மேட்டில் மோட்டார் நின்றுபோயிருந்தது. தொட்டியின் பாரத்தில் வண்டி பின்னால் சரிந்துகொண்டிருந்தது. அவள் விழாமலிருக்கக் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, வாசலில் கிடந்த செங்கற்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன்.

“குழாயைத் திற தம்பி!”

“மரத்துக்குத் தண்ணி அக்கா...”

“மரம் அப்புறம். முதல்ல திற!”

தண்ணீர் பாலத்தில் ஆறாக ஓடியது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. வாகன ஆய்வாளர் ஒருவர் இறங்கி வந்தார். கத்தவில்லை. கொக்கியைக் குனிந்து பார்த்தார்.

“இதுல கொக்கி போடச் சொன்னது யாரு?”

“முக்கால் டன் இழுக்கும்னு கடைக்காரன் சொன்னான் சார்.”

“இழுக்கும். முதுகுல ஏத்தினா. பின்னாடி கட்டினா இழுக்கக் கூடாது.”

“இழுக்கும்னா இழுக்கும்தானே சார்?”

அவரைக் குறை சொல்ல முடியாது. மூட்டை ஏற்றிய வண்டி மேடு ஏறினாலும் நாம் ‘நல்லா இழுக்குது’ என்றுதான் சொல்கிறோம். கடைக்காரனும் பொய் சொல்லவில்லை. ஆய்வாளர் பதிவுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

“சுமைன்னு போட்ட இடத்துல எண் இருக்கா? இழுவைக்கு நேரா பாருங்க. வெறும் கோடு. கோடுன்னா ஒண்ணுமே இழுக்கக் கூடாதுன்னு அர்த்தம். இது சின்ன வகை வண்டி. இந்த பிரேக் தன்னை நிறுத்திக்கும், இன்னொண்ணையும் சேர்த்து நிறுத்தாது.”

“அப்ப பெரிய வகைக்கு மாத்திக்கிறேன் சார்.”

“அதை ஓட்ட லைசென்ஸ் வேற. ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியணும்.”

தண்ணீர்க்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் அபராதம் எழுதவில்லை. கொக்கியைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே வண்டியின் முதுகில் பீப்பாய்களை ஏற்றினார். சட்டப்படி சரி. ஆனால் தொட்டி கொண்ட தண்ணீரில் பாதிகூடப் பீப்பாய்களில் பிடிக்கவில்லை. ஒரே நடையில் முடிந்த இடத்துக்கு இரண்டு மூன்று நடை போனார். சாயங்காலத்துக்குள் பேட்டரி உட்கார்ந்துவிடும். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கடையில் கெஞ்சி மின்சாரம் வாங்கி, அது ஏறும்வரை நடைபாதையில் கிடப்பார். வீடு கூப்பிடும் தூரத்தில் இருந்தும், வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் விட்டாலும் பீப்பாயைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள்; மதியத்துக்குமேல் அவளைப் புரட்ட ஆளில்லை.

சில நாளில் அவள் இடுப்பெலும்புமேல் சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை; உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வாரக் கடைசியில் தோல் உடைந்தது.

அன்று மாலை, அவருக்குத் தண்ணீர் வேலை கொடுத்திருந்த தோட்டத்துறை மேற்பார்வையாளர், இனி வேலை இல்லை என்று சொல்ல வீட்டுக்கே வந்தார். மற்ற வீட்டை முடித்துவிட்டு, புண்ணைப் பார்க்க நானும் வந்திருந்தேன்.

“பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் என்கிட்ட விடுங்க சார். பாதி போதும்,” என்றார் தண்ணீர்க்காரர்.

“அந்தப் பக்கத்துக்கு நான் தனியா ஆள் போடணுமா? பாதி கன்னு காஞ்சு நிக்குது. பெரிய வண்டிக்காரன்கிட்ட மொத்தமா கொடுத்தாச்சு.” பிறகு குரலைத் தணித்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் நாற்றுப்பண்ணையில் மோட்டார் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றார். விடியுமுன் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்பலாம்.

அவர் போனதும் தண்ணீர்க்காரர் என் பக்கம் வந்தார்.

“அக்கா, கொக்கியை மறுபடி மாட்டிடறேன். ஆளில்லாத நேரமாப் பார்த்து ஓட்டறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“பாலத்துல சரிஞ்சா பின்னாடி வர்றவன் செத்துடுவான். நீ ஜெயிலுக்குப் போவே. அப்புறம் இவளை யார் புரட்டுவா?”

“வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?” என்று கத்தினார். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அழவில்லை.

நான் புண்ணின் அளவைச் சொன்னேன். எலும்புவரை போனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். மறைத்தால் புண் ஆறிவிடாது.

“ஏங்க,” என்றாள் அவள். “என்னை விடுதியில விட்டுடுங்க.”

“சும்மா இரு நீ.”

“சும்மாதானே கிடக்கேன்? அதான் புண்ணு. எனக்கு இப்போ வேண்டியது புரட்டுறதுக்கு ஒரு ஆளு. நீங்கதான் வேணும்னு சொல்லலையே.”

அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் விடுதிக்குப் போன் செய்தேன். ஜன்னல் இல்லாத பக்கத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, காலையில் கொண்டுவரலாம் என்றார்கள்.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வருவதற்குமுன் அவர் அவளைப் புண் இல்லாத பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தார். நானும் கூடப் போனேன். விடுதியில் பணிப்பெண்ணுக்கு, தோல் உராயாமல் விரிப்போடு சேர்த்துத் தூக்கிப் புரட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். பணிப்பெண்ணுக்குப் பார்க்க வேண்டிய கட்டில்கள் நிறைய. பாதியிலேயே வேறு யாரோ கூப்பிட, போய்விட்டாள். அவர் மனைவியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

“பண்ணையில இன்னிக்கு மட்டும் மதியம் வரச் சொன்னாங்களே, பஸ்ஸை விட்டுடாதீங்க,” என்றாள் அவள். “முதல் நாளே லேட்டாப் போனா மானம் போகும்.”

அவர் ஓடினார். நான் புண்ணுக்குக் கட்டு மாற்றி, அடுத்து எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று கட்டிலின் தலைமாட்டில் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன். பிறகு அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, விரிப்புகளை வெந்நீரில் ஊறப்போட்டு, மெத்தையை வெயிலில் நிமிர்த்தி வைத்தேன்.