நிமிர்த்திய கம்பி

ஆஸ்பத்திரி வளாகத்தின் புல்வெட்டும் மெஷின்களை ஒரு பெண் பழுது பார்க்கிறாள் என்பது மேற்பார்வையாளருக்கு நான்கு வருடமாகியும் ஜீரணமாகவில்லை. அவள் பெருக்குகிற வேலைக்கு வந்தவள். இருந்த மெக்கானிக் வேலையை விட்டுப் போனபோது, புது ஆள் வரும்வரை பார்க்கிறேன் என்று ஸ்பேனரை எடுத்தாள். புது ஆளும் வரவில்லை, அவளும் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. ஸ்பேனரக்கா என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். கேலி தேய்ந்து, பெயர் நின்றுவிட்டது.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டானது. எதையும் கழற்றுமுன் காலி மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் படம் போடுவாள். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் நெம்புகோல் கையில் மூன்று ஓட்டைகள் இருந்தால் மூன்றையும் வரைந்து, மாட்டியிருந்த ஓட்டையை மட்டும் கறுப்பாக நிரப்புவாள். ஓர் ஓட்டை தள்ளி மாட்டினால் எஞ்சினின் குணமே மாறிவிடும் என்பதை ஒரு முழு வாரத்தைத் தொலைத்துக் கற்றிருந்தாள்.

எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் ஒன்றும் மாயமில்லை. புல் அடர்ந்தாலும் மெலிந்தாலும் பிளேடு ஒரே வேகத்தில் சுற்றவேண்டும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் சின்ன எடைகள் சுற்றுகின்றன. வேகம் கூடினால் அவை விரிந்து, வெளியே இருக்கும் ஒரு கையைத் தள்ளி, கார்புரேட்டரில் பெட்ரோல் கலவையை உள்ளே விடும் கதவான த்ராட்டிலை மூடப் பார்க்கும். ஸ்பிரிங் அதே கையை எதிர்ப்பக்கம் இழுத்துத் திறக்கப் பார்க்கும். அந்த இழுபறியில்தான் வேகம் நிலைக்கிறது. கைக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே தூது போவது ஒரு மெல்லிய கம்பி.

கோடையில் அவள் சர்வீஸ் செய்து, பெட்ரோலை வடித்து ஓரங்கட்டிய பெரிய மெஷினை மழை ஓய்ந்ததும் வெளியே எடுத்தார்கள். அதைத் தள்ளுகிறவன் அவள் கொழுந்தன். கயிற்றை இழுத்ததும் அது அலறிய அலறலில் அவனே கைப்பிடியை விட்டுவிட்டான். பிளேடு வாரி அடித்த ஒரு கல், பெண்கள் வார்டு ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே சுவரைப் பெயர்த்தது.

"அண்ணி, இது புல்லு வெட்டவா, இல்ல பறக்கவா?" என்றான் கொட்டகை வாசலில் வந்து.

அவன் பின்னாலேயே மேற்பார்வையாளரும் வந்தார். மறுநாள் மத்தியானம் பெரிய டாக்டர் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். முழங்கால் உயரப் புல்லை அவர் கண்ணில் காட்ட முடியாது. வெளிக்கடை மெக்கானிக் ஒருவரிடம் போனில் யோசனை கேட்டாயிற்று: த்ராட்டிலைப் பாதியில் நிறுத்திக் கட்டுக்கம்பியால் கட்டிவிடு, கவர்னர் இருந்தாலென்ன போனாலென்ன. கட்டி ஓட்டி, மெஷின் சரியாக இருக்கிறது என்று அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். முடியாதென்றால் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அவள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள்.

"கட்டினா அடர்ந்த புல்லுல நின்னுடும் சார். நின்னா இவன் கட்டைத் தளர்த்துவான், மறுபடி அலறும். அடுத்த கல்லு வார்டுக்குள்ளதான் விழும். கட்டின மெஷினுக்கு என் கையெழுத்து கிடையாது."

"நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்."

"எண்ணிப் பார்த்துட்டுத்தான் சார் சொல்றேன்."

மறுநாள் மத்தியானம் வரை அவர் கெடு கொடுத்தார்.

காலையில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், அதே ஓட்டை. கையின் பிடியைத் தளர்த்தி முறைப்படி மறுபடி பொருத்திப் பார்த்தாள். அலறல் குறையவில்லை. எஞ்சினை அணைத்து, கையை விரலால் மூடும் பக்கம் மெல்லத் தள்ளினாள். த்ராட்டில் மூடிக்கொண்டே வந்து, அரிசியளவு இடைவெளி பாக்கி இருக்கும்போது, கை டேங்கின் தாங்கியில் இடித்து நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. த்ராட்டிலை இழுத்து மூடவேண்டிய கம்பி நீளமாக இருந்தது.

இரும்புக் கம்பி கோடையில் வளருமா? அவள் அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள். ஓட்டைகள் அத்தனையும் துல்லியம். கம்பியோ அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு நேர்கோடு. கம்பி என்றால் கோடுதானே என்று எல்லா அட்டையிலும் அப்படித்தான் வரைந்திருந்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சர்வீஸின்போது இந்தக் கம்பியின் நடுவில் ஒரு நெளிவு இருந்தது. எவனோ கீழே போட்டு வளைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, குறடால் நிமிர்த்தி, கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து, ஊசி மாதிரி நேராக்கினாள். அந்த நெளிவு கம்பியின் பிறவிக் குணம். நீளத்தைக் கணக்காக வைப்பதற்கென்றே செய்தது.

கொழுந்தனிடம் மறைக்காமல் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்பிரிங் போயிடுச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. தவளை தன் வாயால கெடும்."

"ஸ்பிரிங் என்னடா தப்பு பண்ணிச்சு?"

கம்பியைக் குறடில் பிடித்து ஒரு நூலளவு வளைத்து மாட்டிப் பார்த்தாள். போதவில்லை. கழற்றி இன்னும் கொஞ்சம். ஐந்தாவது முறை, கை தாங்கியைத் தொடுமுன்பே த்ராட்டில் மூடியது. ஓர் அட்டையில் கம்பியைப் படுக்க வைத்து, நெளிவோடு சேர்த்து அச்சாக வரைந்தாள். பிறகு கையின் பிடியைத் தளர்த்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, அந்தக் கை மாட்டியிருக்கும் கவர்னர் தண்டை அதே திசையில் நிற்கும்வரை திருப்பி, இறுக்கினாள்.

மெஷின் ஒரு முறை உறுமி அடங்கி, ஒரே சீராக ஓடியது. அடர்ந்த புல்லில் இறங்கியபோது மூச்சு லேசாகத் தாழ்ந்தது, உடனே நிமிர்ந்தது. கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பதிவேட்டைத் திறந்து மூன்று வரி எழுதினாள். ‘இணைப்புக் கம்பியைத் தவறாக நிமிர்த்தியது நான். மறுபடி வளைத்து, கவர்னரைச் சரியாகப் பொருத்தியதும் நான். த்ராட்டிலைக் கம்பியால் கட்டச் சொன்னார் மேற்பார்வையாளர், நான் கட்டவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

முதல் வரியைப் படித்ததும் மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது. நான்கு வருடமாக அவர் தேடிய வரி அது. மூன்றாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெஷின்தான் ஓடுதே, கடைசி வரி எதுக்கு? அதை அடிச்சிடு."

"அடிக்கிறதா இருந்தா மூணையும் அடிக்கணும் சார். ஒண்ணை மட்டும் அடிச்சா மத்ததும் பொய்யாயிடும்."

"முதல் வரியப் பெரிய டாக்டர்கிட்ட காட்டினா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். நானே கொண்டுபோய்க் காட்டறேன், வாங்க."

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்தை நோக்கி நடந்தாள். நில்லு நில்லு என்று பின்னால் குரல் வந்தது. அவள் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வராந்தாப் படியில் மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்து முன்னால் நின்று, பேனா கேட்டார். சுவரில் பதிவேட்டை வைத்து, மூன்று வரிக்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அவரே ஒப்புக்கொண்ட பதிவேடு பெரிய டாக்டர் வரை போகவேண்டியதில்லை, மூன்றாவது வரியும் போகாது.

அவள் மை காயும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டை மூடினாள். கொட்டகைச் சாவியை அதன் பிறகு அவர் கேட்கவில்லை.