இரண்டு சிவப்புக் கோடுகள்

என் சமையலறையில் ஒரு கண்ணாடிக் குவளை இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் நகச்சாயத்தால் இழுத்த இரண்டு சிவப்புக் கோடுகள். கீழ்க்கோடு நேரானது, மேல்கோடு நடுங்கியது. இரண்டையும் இழுத்தவள் அக்கா. நடுவே ஒரு விரல் அகலம்தான் இருக்கும்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் அக்காவுடையது. அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. கிளினிக் மாத்திரையோடு, வேலியோரம் தழைத்த நிலவேம்பைக் காய்ச்சிக் கீழ்க்கோடு வரை ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். "இந்தக் கசப்புக்குப் பயந்தா அந்தப் பிள்ளைங்கள வச்சி வேன் ஓட்ட முடியுமாடி?" என்று சிரிப்பாள். கிளினிக்கில் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். "டாக்டர்கிட்ட உளறிடாத லா. ஏசுவாங்க."

பிறகு அவள் இதயம் தளர்ந்தது. கால்கள் வீங்கின, பிரேக் மிதிக்கும் காலில் செருப்பு ஏறவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வயிறு உப்பிக்கொண்டது, சோறு இறங்கவில்லை, ஆனாலும் இரத்தத்தில் இனிப்பு ஏறிக்கொண்டே போனது. "மருந்து பிடிக்க மாட்டேங்குதுடி" என்று சொல்லி இரண்டாவது கோட்டை அவளே இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் எங்களுக்குத் தைரியம் தந்தது. பச்சிலைதானே, என்ன செய்துவிடப்போகிறது?

மருத்துவமனையில் படுக்க வைத்து, நீர் பிரியும் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடித்தார்கள். "பாருடி, என் கணுக்கால் திரும்பி வந்துருச்சி!" என்று வீடு திரும்பியவள் காலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். மறுநாள் காலை மாத்திரை போட்டாள், மேல்கோடு வரை ஊற்றிக் குடித்தாள், கஞ்சி ஆறட்டும் என்று உட்கார்ந்தாள்.

நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது நாற்காலியில் வியர்த்து நனைந்திருந்தாள். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. "ஏறு, ஏறு, கதவச் சாத்து" என்றாள். சமையலறையில் அவளையும் என்னையும் தவிர யாருமில்லை. "அக்கா" என்றேன். என்னைப் பார்த்தாள், ஆனால் அந்தப் பார்வையில் நான் இல்லை. பிறகு கைகள் ஸ்டியரிங்கை விட்டன. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டாள். குவளையைப் பற்றி நான் சொன்னதும் அந்த இளம் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "குடல் வீங்கியிருந்தா மருந்து சரியா ஏறாது ஆன்ட்டி. இப்ப வீக்கம் வடிஞ்சிருச்சி, குடல் பழையபடி வேலை செய்யுது. மாத்திரையும் ஏறியிருக்கும், நீங்க கூட்டுன கசாயமும் ஏறியிருக்கும்னு நினைக்கிறேன். ரெண்டும் சேர்ந்து இனிப்ப ஒரேயடியா இறக்கிடுச்சி. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" படுக்கையிலிருந்து அக்கா முனகினாள்: "சொன்னேன்ல, ஏசுவாங்கன்னு."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. வாய்க்குள் போனதெல்லாம் உடம்புக்குள் போய்விட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே இன்னும் எத்தனை கதவுகள், நோய் அவற்றில் எதை அடைக்கும், எதை எப்போது திறந்துவிடும்? வெளியிலிருந்து பார்ப்பவளுக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை.

பின்னொரு மழைக்காலத்தில் இதயமே அவளைக் கொண்டுபோனது. குவளை என்னிடம் வந்தது. இனிப்பு நீரும் வந்தது. கசாயத்தை நானும் விடவில்லை. கீழ்க்கோட்டைத் தாண்டியதில்லை என்பதுதான் என் சமாதானம். டாக்டரிடம் நானும் சொன்னதில்லை.

காலை எழுந்ததும் கணுக்காலை அழுத்திப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இன்று குழி விழுந்து அப்படியே நின்றது. அழுத்திய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் நிலவேம்பு கொதித்தது, வீடெல்லாம் அந்தக் கசப்பு வாசம். அடுப்பை அணைத்தேன். எந்தக் கோடு வரை ஊற்றுவது என்று இனி எனக்குத் தெரியாது. குவளையைப் பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய், டாக்டர் எதுவும் கேட்பதற்கு முன்பே, துண்டைப் பிரித்துக் குவளையை அவர் மேசைமேல் வைத்தேன்.